கல்லுக்குச் செய்த கவசம்

போன மாதம் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்ணாடி முன்னால் நிற்கிறான். நெஞ்சில் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு, தோளில் ஆமை ஓடு கவிழ்த்த மாதிரி இரண்டு மூடி, முழங்கையில் பேட். கீழே குரல் பதிவு: “சித்தப்பா, எப்படி இருக்கு? இங்க ஸ்னோமொபைலுக்கும் இதுவே போதும்னு எல்லாரும் சொல்றாங்க. லெவல் டூ ஆர்மர்.” கோவையில் மண் டிராக்கில் பைக் ஓட்டிப் பழகியவன் அவன். வேலைக்காகக் கனடா போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. படத்தில் இருப்பது ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துப்போன மோட்டோகிராஸ் செட்.

‘இதுவே போதும்’ என்பது அவன் ஒருவன் பேச்சு இல்லை. மண்ணுக்கும் பனிக்கும் ஒரே செட் என்பது சில வருடங்களாகவே பெரிய பழக்கமாகிவிட்டது. விற்பவர்கள் ஒரே அலமாரியில் இரண்டையும் அடுக்குகிறார்கள். வாங்குபவர்களிடம் நியாயமும் தயாராக இருக்கிறது: இரண்டிலும் எழுந்து நின்றுதான் ஓட்டுகிறோம், இரண்டிலும் குதிக்கிறோம், பனியில் விழுந்தால் மெத்தையில் விழுந்த மாதிரிதானே?

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேட்டிலிருந்து பறந்து இறங்கும் ஸ்னோகிராஸ் பந்தயம் மோட்டோகிராஸின் தங்கைதான். நெற்றியில் நீண்ட மறைப்பு வைத்த ஹெல்மெட்டை, மூச்சுக்காற்று கண்ணாடியில் படியாதபடி ஒரு தடுப்பும் இரட்டைக் கண்ணாடி காகிள்ஸும் சேர்த்துப் பனியிலும் போடலாம். முழங்கால் கார்டு இரண்டு இடத்திலும் உழைக்கும். காசும் மிச்சம். கவசம் போடுவதே வீண் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளைக் கொண்டு, கவச உடை போட்டவர்களுக்குக் காயமும் குறைவு, மருத்துவமனையில் சேர்வதும் குறைவு என்று காட்டிவிட்டது. அதே ஆய்வில், பார்த்த ஜாக்கெட்டுகளில் கால் பங்குக்கு மேல் விபத்தின்போது தாக்குப்பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் சண்டை நெஞ்சுத் தட்டோடு. பல வருடமாக இதைச் சொல்லி, நண்பர்கள் மத்தியில் ‘தட்டுக்காரர்’ என்று பெயரே வாங்கிவிட்டேன். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு செட்டில் பார்ப்பதற்கு மிகப் பலமாகத் தெரியும் பாகம் அதுதான். வாங்குபவர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அதைத்தான்.

அது எதற்காகப் பிறந்தது? மோட்டோகிராஸ் டிராக்கில் முன்னால் போகிறவனின் பின்சக்கரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், மண்ணை வாரிப் பின்னால் அடிக்கும். ரூஸ்ட் என்பார்கள். அதில் மண் மட்டும் வராது, சரளைக்கல்லும் வரும். ஐம்பது கிராம் கல் ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் மார்பில் பட்டால் எப்படியிருக்கும் என்று, ஒரு தடவை வாங்கியவனுக்குத் தெரியும். மேடு ஏறும்போது தலையைக் குனிய முடியாது, பாதையைப் பார்த்தாக வேண்டும், நெஞ்சைக் கொடுத்தே தீர வேண்டும். எழுபதுகளில் ஐரோப்பிய ஓட்டிகள் ஸ்வீடனின் ஹாக்கிச் சாமான் கம்பெனியான யோஃபா செய்த பிளாஸ்டிக் வாய்க்காப்பை மாட்டிக்கொண்டு ஓட்டியதும் இந்தக் கல்லுக்குப் பயந்துதான். கல் வந்து படும் புள்ளியில் கடினமான ஓடு இருந்தால் போதும், வலி பரவிப்போகும். ஓட்டில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் காற்றும் வரும். அந்த வேலைக்கு அது அருமையான பொருள். வெயிலில் அரைமணி நேரம் முழு மூச்சில் ஓட்டுகிறவனுக்குக் காற்று என்பது சொகுசு இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐரோப்பியத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே தனி எண் உண்டு: இஎன் 14021. 2003இல் வந்தது. அதன் தலைப்பே ‘கல் தடுப்பு’ என்றுதான் சொல்கிறது. விழுந்து மோதும்போது மார்பைக் காப்பதற்கு இருப்பது வேறு எண், இஎன் 1621-3. முதுகுக்கு 1621-2. தோள், முழங்கை, முழங்கால் முதலான மூட்டுகளுக்கு 1621-1. இவ்வளவு தெளிவாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கடை அட்டைப்பெட்டிக்கு வரும்போதுதான் எல்லாம் ‘சிஇ சான்று பெற்ற ஆர்மர், லெவல் 2’ என்ற ஒரே வரியாக உருகிவிடுகிறது.

அண்ணன் மகனிடம், தட்டைத் திருப்பி உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு அனுப்பினான். தோள் மூடியிலும் முழங்கை பேடிலும் பைக் ஓட்டியின் சின்னம், பக்கத்தில் 1621-1, கட்டத்துக்குள் 2. நெஞ்சுத் தட்டின் உள்ளே வியர்வை பட்டு மங்கிய ஒரு வட்டம், அதன் அடியில் சிறிய எழுத்தில் 14021. முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் எதுவுமே இல்லை. ஆக, லெவல் 2 என்பது பொய் இல்லை. முழங்கைக்கு அது உண்மை. முழங்கையின் சான்றிதழைத்தான் நெஞ்சுக்கும் சேர்த்து இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தான் பையன்.

லெவல் 2 என்ற சொல்லே இடத்துக்கு இடம் வேறு. சோதனையில் ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பேடின் மேல் போடுவார்கள், அதாவது 50 ஜூல். பேடைத் தாண்டி அடியில் எவ்வளவு விசை போய்ச் சேருகிறது என்று அளப்பார்கள். மூட்டுக்கான பேடில் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் லெவல் 1, 20க்கு மேல் போகாவிட்டால் லெவல் 2. முதுகுக்கு இதே கணக்கு 18, 9 என்று இறங்கிவிடும். மூட்டில் லெவல் 2 வாங்கிய அதே நுரையை முதுகில் வைத்தால் லெவல் 1கூட வாங்காமல் போகலாம். இந்த அளவுகோல்களில் எதற்குள்ளும் கல் தடுப்பு வராது. அதை யாரும் இந்தக் கேள்வியே கேட்கவில்லை.

இனி பனிக்கு வருவோம். ஸ்னோமொபைலின் பின்னால் சுற்றுவது ரப்பர் பட்டை. முன்னால் போகும் வண்டியிலிருந்து பனிப்பொடி வரும், சில சமயம் ஐஸ் துண்டு வரும். கல் தடுப்புக்கு அங்கே வேலை கொஞ்சம்தான். மார்புக்கு ஆபத்து வருவது வேறு வழியாக. வண்டி புதைந்த கட்டையிலோ பாறையிலோ முட்டித் திடீரென்று நிற்கும், ஓட்டுகிறவன் நிற்க மாட்டான். நேரே ஹேண்டில்பார் மேல் போவான். தப்பினால் மரம். அதற்கும் தப்பினால் பின்னால் உருண்டு வரும் வண்டி. மோட்டோகிராஸ் பைக் சுமார் நூறு கிலோ. ஸ்னோமொபைல் இருநூறைத் தாண்டும். எழுபத்தைந்து கிலோ ஆள் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் போனாலே உடம்பில் சுமக்கும் ஆற்றல் 2,400 ஜூல். அத்தனையும் மார்புக்கு வந்துவிடாதுதான். ஆனால் கல்லுக்கு என்று செய்த வெறும் ஓட்டிடம் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எதிர்பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஹேண்டில்பார் முனை குத்தினால் ஓடு அந்தக் குத்தைக் கொஞ்சம் பரப்பும், சரி. பரப்புவது வேறு, உறிஞ்சுவது வேறு. உறிஞ்ச அடியில் கனமான நுரை வேண்டும். இவன் தட்டின் அடியில் இருப்பது தோல் உரசாமலிருக்க ஒட்டிய மெல்லிய பஞ்சு.

மெத்தை வாதத்தை முன்வைப்பவர்கள் பனியின் மேற்பரப்பை மட்டும் பார்க்கிறார்கள். விழுவது பனியில்தான், மோதுவது பனிக்கு அடியில் இருப்பதில்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பேடுகளில் இப்போது வரும் நுரை மெல்ல அமுக்கினால் இளகும், சட்டென்று அடித்தால் இறுகும். குளிரில் அது அடிக்கு முன்னாலேயே இறுகிவிடும். 1621-1இல் கட்டாயச் சோதனை அறை வெப்பத்தில்தான். மைனஸ் 10 டிகிரியிலும் 40 டிகிரியிலும் சோதிப்பது தயாரிப்பவர் விருப்பம். செய்திருந்தால் லேபிளில் டி மைனஸ், டி பிளஸ் என்று போட்டிருப்பார்கள். இதில் வேடிக்கை, கனடாக்காரருக்கு மட்டுமல்ல, மே மாத வெயிலில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஓட்டுகிறவருக்கும் இந்த எழுத்து தேவை. நாம் இருவருமே அறை வெப்பத்தில் விழுவதில்லை. ஆகவே பனியில் கவச வெஸ்ட்டை ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டோடு போட வேண்டும். மோட்டோகிராஸ் தட்டை ஜெர்சிக்கு வெளியே மாட்டிப் படமெடுக்கும் பழக்கம் இங்கேயும் காலை வாரும்.

“ஒன்றும் இல்லாததற்கு இது பரவாயில்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கப் பந்தயங்களில் பெரிய ஓட்டிகள் பலர் மார்புக் காப்பே இல்லாமல் ஜெர்சியோடு ஓட்டியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. ஏதாவது ஒன்றை மாட்டுகிறார்களே என்று நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தச் சந்தோஷம் இல்லை. ஒன்றும் போடாதவனுக்குத் தன் நெஞ்சு திறந்து கிடப்பது தெரியும், வேகத்தை அதற்கேற்றாற்போல் வைப்பான். தட்டு போட்டவன், மூடியிருக்கிறது என்று நினைக்கிறான். போடாமலிருப்பதே மேல் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார், எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. ஆனால் சில இரவுகளில் அப்படித்தான் தோன்றுகிறது.

பெயர்க் குழப்பம் தட்டோடு முடிவதுமில்லை. மலைப்பக்கம் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் முதுகில் மாட்டும் ஏர்பேக் பை பனிச்சரிவில் ஆளை மேலே மிதக்க வைப்பதற்கு. டக்கார் ராலியில் 2021 முதல் பைக் ஓட்டிகளுக்குக் கட்டாயமாக்கிய ஏர்பேக் வெஸ்ட் மோதலைத் தாங்குவதற்கு. இரண்டுக்கும் பெயர் ஏர்பேக். ஒன்றை வாங்கிவிட்டு மற்றது செய்யும் வேலையை எதிர்பார்ப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

1621-3 வாங்கினால் சாவே வராது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் ஓர் எடையும் ஓர் இரும்பு அச்சும்தான் தேர்வு வைக்கின்றன. ஆனால் அது கேட்கும் கேள்வி உங்கள் விழுகையைப் பற்றியது, முன்னால் போகிறவனின் டயரைப் பற்றியது அல்ல.

அண்ணன் மகன் அந்தத் தட்டைக் கோடைக்கு எடுத்துவைத்துவிட்டு, பனிக்கு மார்புக்கும் முதுகுக்கும் தனித்தனி எண் போட்ட வெஸ்ட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விலையைக் கேட்டு முனகினான். உங்கள் வீட்டிலும் ஆணியில் ஒரு தட்டு தொங்கும். இன்றே எடுத்து உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 14021 என்று மட்டும் இருந்தால் அது கல்லுக்கு.