உரைக்குள் ஒளிந்த கட்டளை

டெர்மினலில் ஒரு சொல்லைச் சிவப்பாகக் காட்ட, அதற்கு முன்னால் எஸ்கேப் எனும் 27ஆம் எண் குறி, திறக்கும் சதுர அடைப்பு, 31, சிறிய 'எம்' ஆகியவற்றை அச்சிட்டால் போதும். 31 இருந்த இடத்தில் 0 வைத்து அச்சிட்டால் நிறம் பழைய நிலைக்குத் திரும்பும். கர்சரை நகர்த்துவதும் இதே வழியில்தான்: வரிசை எண், அரைப்புள்ளி, நெடுவரிசை எண், பெரிய 'எச்'. 1978இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 டெர்மினலால் நிலைபெற்ற இலக்கணம் இது. விடி100இல் நிறம் கிடையாது. பின்னால் வந்தவற்றில் நிறமும் இதற்குள்ளேயே அடங்கிற்று.

கட்டளை உரைக்குள்ளேயே பயணம் செய்வதுதான் இதன் பலம். உரை போகும் இடமெல்லாம் நிறமும் போகும். எங்கோ இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தாலும் தனி ஏற்பாடு தேவையில்லை. விண்டோஸ் நெடுங்காலம் வேறு வழியில் போனது. நிறத்துக்கும் கர்சருக்கும் தனித்தனி ஏபிஐ அழைப்புகள். ஒழுங்கான வடிவமைப்புதான், ஆனால் அந்த அழைப்பு, நிரல் ஓடும் கணினியின் கன்சோலைத் தாண்டாது. கடைசியில் விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்டே எஸ்கேப் குறிகளை ஏற்றுக்கொண்டது. இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அதே கலப்பு கோப்புக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ஒரு நிரல் 'பிழை: வட்டு நிரம்பியது' என்று எழுதுகிறது, 'பிழை' மட்டும் சிவப்பில். அந்த வெளியீட்டை லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, பிறகு 'பிழை: வட்டு' என்று கிரெப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சொல்லுக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே நிறத்தை நீக்கும் குறி உட்கார்ந்திருக்கிறது. வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று இஸ்ஏடிடிஒய் அழைப்பால் கேட்டுவிட்டு நிறம் பூசுவது ஒரு வரி வேலை. அதைச் செய்யாத நிரலை முடிந்த வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாதுகாப்புச் சிக்கல் இன்னும் கடுமையானது. வெளியாள் அனுப்பிய உரையை வடிகட்டாமல் லாகில் எழுதினால், அதிலுள்ள எஸ்கேப் குறிகள் கர்சரை மேலே ஏற்றி முந்தைய வரியைத் திரையில் அழித்துவிடும். தடயம் கோப்பில் அப்படியே இருக்கும். கேட் கட்டளையால் அதைப் பார்க்கும் நிர்வாகியின் கண்ணில் மட்டும் படாது.

ஆகவே நிறத்தையும் கர்சரையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனமில்லை. நிறம் தவறினால் பெரும்பாலும் படிக்கத்தான் சிரமம். கர்சர் தவறினால் திரையே பொய் சொல்லும். தமிழில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: 'கௌ' எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் நிரலும் டெர்மினலும் எழுத்துருவும் ஒத்துப்போகாவிட்டால், அட்டவணையின் வலது ஓரக் கோடு வரிக்கு வரி விலகும். விம் போல முழுத்திரையையும் ஆளும் நிரல்கள் இந்தச் சுமையை ஏற்கத்தான் வேண்டும். எத்தனை விழுக்காடு முடிந்தது என்று ஒற்றை வரியில் காட்டும் நிரலுக்கு, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கேரேஜ் ரிட்டர்ன் ஒன்றே போதும். 10ஆம் வரிசை, 40ஆம் நெடுவரிசை என்று கணக்குப் பார்ப்பது அதற்கு வேண்டாத வேலை.