மூலப் பத்திரம் கேட்ட மென்பொருள்

எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். ஜூலை மாதக் கணக்கில் 40 ரூபாய் இடித்தது. தண்ணீர் லாரி ரசீதுகளை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் என் மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்தார். லிப்ரே ஆபீஸின் மெனு வரிசையில், வலது கோடியில், ‘புதுப் பதிப்பு வந்திருக்கிறது’ என்று ஒரு சின்ன அடையாளம் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “அப்டேட் பண்ணாம வெச்சிருக்கீங்க சார், அதான் இடிக்குது” என்றார்.

கூட்டலுக்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது 24.2. இந்த மென்பொருளில் ஒரு பதிப்புக்கு ஒன்பது, பத்து மாதம்தான் பராமரிப்பு. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. நான் ஓட்டிக்கொண்டிருந்தது இன்சூரன்ஸ் முடிந்த வண்டி. அன்று இரவே 25.8-ஐ இறக்கினேன். அது ஏறி உட்கார மூன்று வாரம் ஆயிற்று. ஆகவே இது புதிய லிப்ரே ஆபீஸின் விமர்சனம் என்றாலும், பெரும்பகுதி அதன் வாசற்படியிலேயே கழியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆபீஸ் பற்றித் தனியாக அறிமுகம் தேவையில்லை. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, காசு கேட்காது, பிப்ரவரி, ஆகஸ்ட் வாக்கில் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வரும். 2024 முதல் பதிப்பு எண்ணே பிறந்த தேதிதான்: 25.8 என்றால் 2025, எட்டாம் மாதம். விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களை இந்தப் பதிப்பு ஏற்றிக்கொள்ளாது. ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் முழு மென்பொருளையும் மறுபடி இறக்க வேண்டும். சுமார் 350 எம்பி. சட்டையில் ஒரு பொத்தான் போனதற்குப் புதுச் சட்டையே எடுத்துத் தரும் தாராளம். டேட்டா கார்டில் பிழைப்பவர்கள் இதைத் தாராளம் என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் நாள் இரவு பச்சைப் பட்டை கொஞ்ச தூரம் ஓடி நின்றது. ஒரு பெட்டி எழுந்தது. பழைய பதிப்பை அகற்ற முடியவில்லை. உங்கள் தொழில்நுட்ப ஆதரவுக் குழுவை அணுகவும். சிஸ்டம் எரர் 1612. இதுதான் அதன் ஆங்கிலத்தின் சாரம். ‘சரி’ என்று அழுத்தினேன். வேறு வழியும் தரப்படவில்லை. நிறுவல் தடைபட்டது, கணினியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்ற அறிவிப்போடு ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்த ‘ஆதரவுக் குழு’தான் என்னை உறுத்தியது. விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற இந்த ஏற்றி இறக்கும் ஏற்பாடு, 1999-ல் ஆபீஸ் 2000 மென்பொருளோடு சேர்ந்து வெளிவந்தது. பெரிய அலுவலகங்களையும், அங்கே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நடமாடும் கணினிப் பிரிவு ஆட்களையும் மனத்தில் வைத்து எழுதிய வாசகம் போலும். என் வீட்டில் அந்தக் குழுவில் ஒரே உறுப்பினர். அவர்தான் அந்தப் பெட்டியைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கிறார். ‘உரிய அலுவலரை அணுகவும்’ என்று பலகை மாட்டிய அறைக்குள் போனால் அங்கே நாமே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போன்ற அனுபவம்.

ஒன்றை மட்டும் பாராட்டியாக வேண்டும். மூன்று வாரத்தில் ஏழு தடவை தோற்றேன். ஏழு தடவையும் என் பழைய லிப்ரே ஆபீஸ் சேதமில்லாமல் எழுந்து வந்தது. பாதி ஏறிய பின் ஏதாவது தட்டினால், அதுவரை செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் இந்த இன்ஸ்டாலர் வெளியேறும். அதற்கென்றே கோப்புகளை ஒரு மறைவான அடைவில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும். சமையலறைக் குழாயை மாற்ற வந்து சுவரை உடைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் ஆட்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த ஒழுங்கு பிடித்தது.

வழக்கமான சந்தேகங்களை முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொண்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘எஸ்ஆபீஸ்.பின்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஜன்னலை மூடிவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் சில சமயம் அந்தப் பெயரில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்ற முடியாது. அடுத்து, வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் 1618 என்ற எண் வரும், ஒரு ரீஸ்டார்ட்டில் பெரும்பாலும் தீரும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, இறக்கிய கோப்பு முழுசாக வந்திருக்கிறதா, நிர்வாகி உரிமை இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. 1612 அசையவில்லை.

இரண்டாம் வாரம் அக்கா மகன் வந்தான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “மாமா, பேசாம ஃபார்மட் அடிச்சிடலாம்” என்றான். கடைவீதியில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர் போனிலேயே அதைத்தான் சொன்னார், என்ன கோளாறு என்று கேட்காமலே. நம் ஊரில் கணினிக்கு வரும் எல்லா வியாதிக்கும் இந்த ஒரே கஷாயம். ஃபார்மட் அடித்தால் தீரும், உண்மைதான். மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்தினாலும் தீரும். பிறகு தமிழ் விசைப்பலகை, பிரிண்டர், வங்கிக் கணக்குக்கான டிஜிட்டல் கையெழுத்து என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடி ஏற்றும் ஒரு வாரத்தை ஃபார்மட் அடித்தவர் வந்து தரமாட்டார். அதைவிட முக்கியம், எதனால் போயிற்று என்பது கடைசி வரை தெரியாது. அடுத்த வருடம் அதே தப்பைச் செய்வோம்.

எனக்கு வழி காட்டியது லாக் கோப்பு. இரண்டு முறை சொடுக்கித் திறப்பதற்குப் பதிலாக, கட்டளைத் திரையில் எம்.எஸ்.ஐ.எக்ஸெக் என்ற கட்டளையோடு ‘ஸ்லாஷ் எல், நட்சத்திரக் குறி, வி’ சேர்த்து ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்து ஓட்டினால், இன்ஸ்டாலர் தான் வைக்கும் ஒவ்வோர் அடியையும் அதில் எழுதிவிடும். பக்கம் பக்கமாக நீளும். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடினால் போதும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அது மதிப்பெண் போடுகிறது: 1 என்றால் முடிந்தது, 2 என்றால் நீங்களே ரத்து செய்தீர்கள், 3 என்றால் விழுந்தது. முதல் 3 எங்கே வருகிறதோ, அதற்கு மேலே இருக்கும் பத்து இருபது வரிகளில்தான் உண்மை கிடக்கும். திரையில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்ட ஆள், டைரியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்.

டைரி சொன்னது இதுதான். புதியதில் கோளாறே இல்லை. பழையதைக் கழற்றும் கட்டத்தில், அந்தப் பழையது வந்த மூலக் கோப்பைத் தேடியிருக்கிறது. சி டிரைவில், விண்டோஸ் அடைவுக்குள், இன்ஸ்டாலர் என்ற மறைவான அடைவில் தேடியிருக்கிறது. அங்கே இல்லை.

இங்கே ஒரு வாக்குமூலம். என்னுடைய எஸ்எஸ்டி 128 ஜிபிதான். போன கோடையில் சிவப்புக் கோடு காட்டியது. இடத்தை அடைப்பது யார் என்று தேடியபோது இந்த அடைவு 11 ஜிபியோடு மாட்டியது. உள்ளே அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் கோப்புகள். பெயர் தெரியாதவர்கள் வீட்டில் ஏன் இருக்க வேண்டும் என்று மொத்தமாக அழித்தேன். ஒரு காணொளியும் அதைத்தான் செய்யச் சொன்னது. அழித்த அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமும் ஆகவில்லை. எல்லா மென்பொருளும் வழக்கம்போல ஓடின. அதுதான் இதன் வஞ்சகம். பழுது பார்க்கும்போதோ, நீக்கும்போதோ, மேம்படுத்தும்போதோதான் அந்தக் கோப்பைக் கேட்கும்.

வீடு விற்றவர்களுக்கு இது புரியும். இருபது வருடம் அந்த வீட்டில் குடியிருந்து, வரி கட்டி, வெள்ளையடித்து, பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள். யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். விற்கப் போகிற அன்றுதான் “மூலப் பத்திரம் எங்கே?” என்பார்கள். அந்த அடைவில் பெயர் தெரியாமல் கிடந்தவை மூலப் பத்திரங்கள். ஒவ்வொரு மென்பொருளும் குடியேறியபோது தன் பத்திர நகலை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

நகல் எடுக்க வழி உண்டா? லிப்ரே ஆபீஸ் மேல் எனக்கிருக்கும் பாசம் இந்த இடத்தில் இரட்டிப்பாயிற்று. அவர்களுடைய தளத்தில் ஓர் ஆவணக் கிடங்கு இருக்கிறது. பழைய பதிப்புகளைத் தூக்கி எறியாமல் அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்தது 24.2.5.2. நாலு எண்ணும் பொருந்த வேண்டும். பக்கத்து எண் ஆகாது. கிடங்கில் அதே பதிப்பு இருந்தது. இறக்கினேன்.

பிறகு கண்ட்ரோல் பேனலுக்குப் போய் பழையதை நீக்கு என்றேன். இந்தத் தடவை இன்ஸ்டாலர் ஒரு பெட்டியைத் திறந்து, இன்ன கோப்பு எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்டது. கிடங்கிலிருந்து வந்ததைக் காட்டினேன். ஏற்கவில்லை. மறுபடி காட்டினேன். ஏற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெயரைப் பார்த்தேன். கிடங்கில் இருப்பதன் பெயரில் 24.2.5.2 என்று நாலு எண். அது கேட்டதோ 24.2.5 என்று மூன்று எண். அதோடு போகவில்லை. கேட்ட பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஓர் 1. முதல் தடவை இறக்கியபோது ஒரே கோப்பை இரண்டு தரம் இறக்கியிருக்கிறேன், இரண்டாவதற்கு பிரவுசர் அந்த ஒன்றைச் சேர்த்திருக்கிறது, அதிலிருந்து நிறுவியிருக்கிறேன். இன்ஸ்டாலர் அதை எழுத்து பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்ஷியல் மாறியதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட யாரும் இதில் அதிர்ச்சி அடைய மாட்டார்கள். ஆதாரில் ‘எஸ்’, பத்திரத்தில் ‘சு’. நான் எஃப்2 விசையை அழுத்தி, கடைசி எண்ணை வெட்டி, இடைவெளி விட்டு, அடைப்புக்குறிக்குள் 1 போட்டேன். மறுபடி காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழையது சத்தமில்லாமல் காலி செய்துகொண்டு போயிற்று. காபி கலந்துகொண்டு வருவதற்குள் 25.8 குடியேறிவிட்டது.

உங்களுக்கு இப்படி நேர்ந்து, உங்கள் மென்பொருள்காரர் பழைய பதிப்பை வைத்திருக்காவிட்டால், நீங்க மறுக்கும் நிரல்களை அகற்றுவதற்கென்றே விண்டோஸ் தயாரிப்பாளர்கள் தரும் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட்டை அதற்கும் கடைசியாக.

உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். அதே வீடு, புது வெள்ளை. என் சொல் திருத்தப் பட்டியல், வார்ப்புருக்கள், கருவிப்பட்டை அமைப்பு எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. அவை இருக்கும் அடைவின் பெயர் இன்னமும் ‘4’. பதிப்பு எண் 25-ஐத் தொட்ட பின்னும் யாரும் அதை மாற்றவில்லை, மாற்றாததால்தான் நான் பிழைத்தேன். 2017-ல் வந்த 5.3 முதல் எல்லா இயங்குதளத்திலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்துக்கோப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்; கொம்பும் காலும் விலகிப் போகாத தமிழுக்கு நான் அன்று முதல் கடன்பட்டவன். ஒரு முணுமுணுப்பு மட்டும்: உதவிப் பக்கங்கள் இன்னும் தனி நிறுவல் கோப்பாகத்தான் வருகின்றன. அதை மறந்துவிட்டு எஃப்1 அழுத்தினால் இணையத்துக்கு ஓடுகிறது.

இப்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ‘மூலப் பத்திரம்’ என்று ஓர் அடைவு வைத்திருக்கிறேன். எதை நிறுவினாலும் அதன் கோப்பு, நிறுவியபோது இருந்த அதே பெயரில், அங்கே போகும். அடைப்புக்குறி இருந்தால் அடைப்புக்குறியோடு.

செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுப் பதிப்பில் முதல் வேலையாக ஜூலைக் கணக்கைத் திறந்து கூட்டினேன். நன்றாகத் திறந்தது, வேகமாகக் கூட்டியது. 40 ரூபாய் இடிக்கிறது.