ஒளிபரப்பில் காண்போர்: சங்கர் நகர் ஆட்டங்களும் மெய்ப்பாட்டு நெறியும்

விளையாட்டைக் காண்போரும் விளையாட்டின் ஒரு கூறே ஆவர். ஆயினும் ஆட்டக்காரரைப் பற்றி எழுந்த எழுத்தை நோக்கக் காண்போரைப் பற்றி எழுந்தது மிகச் சிறிது. இந்நாளில் காண்போர் இருசாரார். களத்தைச் சூழ அமர்வோர் ஒருசாரார். அவர்களையும் ஆட்டத்தையும் ஒருங்கே திரையில் காண்போர் மற்றொருசாரார். முன்னவரைப் பின்னவர்க்குக் காட்டுவது தொலைக்காட்சி. அது காட்டும் முறையால் காண்போரின் உணர்ச்சி முழுமையாகப் புலப்படுகின்றதா என்பதனை நெல்லைக் களத்தை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் எனும் கிரிக்கெட் போட்டி 2016ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சென்னையோடு, திண்டுக்கல்லை அடுத்த நத்தமும் நெல்லையும் அதன் களங்களாயின. நெல்லைக் களம் அமைந்திருப்பது தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகரில். 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை இயங்கத் தொடங்கிய ஊர் அது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தோன்றியபின் இத்தகைய ஆட்டங்கள் தமிழ் வருணனையோடு இல்லங்களை எட்டின. பொருநைக் கரையினர் தம் முகத்தைத் தம் ஊர்க் களத்தில் வைத்து, தம் மொழியோடு சேர்த்துத் திரையில் காணும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது. ஒரு நாட்டார் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தை இத்தகைய காட்சிகளும் உருவாக்குகின்றன. ஆகலின் இதனைச் சிறுபொருள் என்று தள்ளுதல் ஆகாது.

இவ்வாராய்ச்சிக்கு அளவுகோல் நம் இலக்கண மரபிலேயே உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை விளையாட்டுக் களத்தை வைத்தே தொடங்குகின்றார். அங்குத் தோன்றும் பொருள்களை முப்பத்திரண்டு என எண்ணுகின்றார். உரையாசிரியர் பேராசிரியர் இதற்குக் கணக்குக் காட்டுவார். சுவைகள் எட்டு, சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறியால் உணர்தல், அதன்வழி உள்ளத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பில் வெளிப்படுதல் எனப் படிகள் நான்கு. இரண்டையும் உறழ முப்பத்திரண்டாகும். இந்நான்கு படிகளையும் கொண்டு ஒளிபரப்பை நோக்குவோம்.

பந்து எல்லைக்கோட்டைக் கடக்கின்றது. உடனே திரை கூட்டத்தின்பால் திரும்புகின்றது. சாயம் பூசிய முகங்கள், துள்ளும் சிறுவர்கள், தூக்கிப் பிடித்த பலகைகள் ஆகியன ஓரிரு நொடி தோன்றி மறைகின்றன. முதற்படியாகிய பொருளும் நான்காம் படியாகிய வெளிப்பாடும் இங்கு உள்ளன. இடைப்பட்ட குறிப்பு இல்லை. பந்து வீசுமுன் களத்தைக் கவிந்த அமைதி, முன்னோக்கிச் சாய்ந்த உடல்கள், அருகிலிருப்போனிடம் தாழ்ந்த குரலில் கூறிய கணிப்பு ஆகியன காட்டப்பெறுவது அரிது. உள்ளம் தொழிற்படும் இடம் அதுவே. அஃது ஒழிந்தவழிக் கூட்டம் விசை அழுத்தத் துள்ளும் பொம்மையாகின்றது.

பிறிதொன்றும் உண்டு. களத்தின் பெருந்திரையில் தம் உருவம் தோன்றக் கண்டோர் கையசைத்து ஆரவாரிக்கின்றனர். அவ்வுவகைக்குப் பொருள் ஆட்டமன்று, காமிராவே. ஆயினும் வீட்டிலிருப்போர்க்கு அது ஆட்டத்தால் எழுந்த உவகையாகவே தோன்றுகின்றது. காட்டுங்கருவியே காட்டப்படும் உணர்ச்சியைப் படைத்துவிடுகின்றது என்க.

எட்டுச் சுவையுள் ஒளிபரப்பு பெரிதும் விரும்புவன உவகையும் நகையுமே. விளையாட்டு உவகைக்கு நிலைக்களன் என்பது தொல்காப்பியர்க்கும் உடன்பாடே. எனினும் அவர் அழுகைக்கு இழவினையும் மருட்கைக்குப் பெருமையினையும் நிலைக்களன்களாக வைத்தார். 2023 ஜூலை 12ஆம் நாள் இறுதியாட்டம் நெல்லையிலேயே நிகழ்ந்தது. கோவை அணி 205 ஓட்டங்கள் குவித்தது. நெல்லை அணி 101 ஓட்டங்களுக்குள் அடங்கி, 104 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. தம் மண்ணில் தம் அணி வீழ்வதனைக் கண்டிருந்தோர்க்கு அவ்விரவு நம்பிக்கையில் தொடங்கி, ஐயத்தில் வளர்ந்து, இழவில் முடிந்திருத்தல் இயல்பு. உவகையை மட்டும் காட்டப் பழகிய கருவி இத்தகைய இரவுக்கு ஏற்ற மொழியுடையதன்று.

ஒளிபரப்புவோர் சார்பில் ஒரு தடை எழுப்பலாம். இரு பந்துகட்கு இடையே கிடைப்பது அரை நிமிடம். அதனுள் ஆட்டத்தை மீண்டும் காட்டலும் எண்ணிக்கையை அறிவித்தலும் வேண்டும். கூட்டத்தின் உள்ளத்தை நுணுகிக் காட்ட இடம் ஏது? இத்தடை பொருளுடையதே. ஆயின் நாம் வேண்டுவது மிகுதியான நேரமன்று. கிடைத்த நொடியை எங்கு வைப்பது என்பதே வினா. ஆரவாரத்துக்குத் தரும் இரண்டு நொடியுள் ஒன்றை அதற்கு முந்திய அமைதிக்குத் தரலாம்.

காண்போரின் அறிவு பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். 1999 ஜனவரி 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் இந்திய அணி பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. கூட்டம் எழுந்து நின்று வென்ற அணியைக் கைதட்டிப் போற்றிற்று. அவ்வணியினரும் களத்தைச் சுற்றி வந்து அதனை ஏற்றனர். ஆட்டத்தை அறிந்தோரே தோல்வியிடையும் திறத்தைப் போற்றுவர். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கல்வியை முதலாவதாகத் தொல்காப்பியர் வைத்தமைக்கு இஃது ஏற்ற சான்று. ஆட்டமறிந்த கூட்டம் என்னும் அடைமொழி சென்னைக்கு நிலைத்துவிட்டது. ஆயினும் வருணனையாளர் சொல்லில் வரும் அவ்வறிவு படத்தில் வருவதில்லை. சங்கர் நகரில் அமர்ந்திருப்போருள்ளும் பாளையங்கோட்டைக் கல்லூரி அணிகளில் ஆடிப் பழகியோர் இருத்தல் கூடும். சாயம் பூசாத, கூவாத, கூர்ந்து நோக்கும் அவ்விளைஞர் முகம் காமிராவுக்குப் பயனற்றதாகத் தோன்றுகின்றது.

கூட்டத்தை ஒளிபரப்பு எவ்வாறு மதிக்கின்றது என்பதனை 2020ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு ஐ.பி.எல். ஆட்டங்கள் ஐக்கிய அரபு நாட்டில் காண்போரின்றி நிகழ்ந்தன. முன்பே பதிந்த ஆரவாரம் ஒளிபரப்பில் சேர்க்கப்பட்டது. மக்கள் இல்லாவிடத்தும் அவர்தம் ஒலி போதும் என்பதே இதன் பொருள். கூட்டம் என்பது பின்னணி இசையாயிற்று.

வானொலிக் காலத்தில் நிலை வேறு. தமிழ் வருணனையால் புகழ்பெற்ற சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், 1986 வரை நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊரினர். வானொலியில் கூட்டத்தின் முகம் தெரியாது; ஒலி மட்டுமே கேட்கும். அவ்வொலி எதனால் எழுந்தது, எதனால் அடங்கிற்று என்பதனை வருணனையாளர் சொல்லியாக வேண்டும். காட்சி இல்லாமையே குறிப்புக்கு இடந்தந்தது. தொலைக்காட்சி முகத்தைத் தந்தது, விளக்கத்தை விட்டது.

தமிழில் வருணனை வந்தமை நன்று. உள்ளூர்க் களம் உலகறிய வந்தமையும் நன்று. அவ்வளவில் அமைதல் போதாது. துள்ளுவோரே ஆர்வலர் என்று ஆண்டுதோறும் காட்டப்படின், நாளை களத்துக்கு வரும் சிறுவன் ஆட்டத்தை நோக்குவதினும் காமிராவை நோக்குதலையே கற்பான். காண்டல் ஒரு கலை. அக்கலையை உடையோராகப் பொருநைக் கரை மக்களைக் காட்டுதல் ஒளிபரப்புவோர் கடன்.