முழங்காலை மடிக்காத வாமனன்

தர்மபுரி மாவட்டத்தில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் அந்த வாமனனைப் பற்றி ஒரே புகார்தான். "உடம்பு வளையலைங்க. குள்ளன்னு நம்புற மாதிரியா நிக்கிறாரு?" இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால், "மைக்குக்கிட்டயே வரமாட்டேங்கிறாரு" என்று சேர்த்துக்கொள்வார். பெயர் எதற்கு, வேஷத்தைச் சொன்னதுமே ஆள் யாரென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மகாபலி கதை அடிக்கடி கட்டுகிற கதையில்லை. பாரதத்துக்கும் இரணியனுக்கும் கிடைக்கிற ராத்திரிகள் அதற்குக் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஒன்றிரண்டிலும் அவரைத் தப்பாகப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? முழங்காலை மடித்துக் குந்தியபடியே களரியைச் சுற்றி வருவார்கள். தொடை நடுங்கும், கூட்டம் கைதட்டும். உலகளக்கிற நேரம் வந்ததும் சடாரென்று நிமிர்ந்து பெஞ்சின் மேல் தாவினால் விசில் பறக்கும். படுகிற கஷ்டம் கண்ணுக்குத் தெரிவதால் அதைக் கலை என்று எடுத்துக்கொள்கிறோம். சில இடங்களில் பத்து வயதுப் பையன் கையில் குடையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெண்கள் பக்கமிருந்து "ஐயோ, கண்ணு" என்று வரும். வாமனன் மேல் இரக்கம் வந்துவிட்டால் கதை அங்கேயே செத்தது. கட்டியங்காரன் அவன் உயரத்தை வைத்து நாலு ஜோக் அடித்தாலும் அதே கதிதான். குள்ளம் என்றால் ஒன்று பாவம், இல்லையென்றால் சிரிப்பு. நம் சினிமாவும் வெகுகாலம் இந்த இரண்டைத் தாண்டி யோசித்ததில்லை.

நம் ஆள் நிமிர்ந்தே வருகிறார். எதிரே மகாபலி கட்டை வேஷத்தில் நிற்கிறான். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், இடுப்பைச் சுற்றி விரிந்த பாவாடை, காலில் சலங்கை. சாதாரண உயரமுள்ள ஆள்கூட இத்தனையும் ஏற்றிக்கொண்டால் இரண்டு பங்கு பெரிதாகத் தெரிவார். வாமனனுக்கோ வேட்டி, பூணூல், ஓலைக்குடை, கமண்டலம், அவ்வளவுதான். பாதிக் குள்ளத்தை வேஷம் கட்டுகிற இடத்திலேயே வாங்கியாகிவிட்டது. மீதியை அவர் களரியில் சம்பாதிக்கிறார். அதில்தான் இந்த மைக் விவகாரம் வருகிறது.

அடுத்த முறை கவனியுங்கள். மகாபலியிடமிருந்து நாலு எட்டு தள்ளி நின்றுவிடுகிறார். மைக் மகாபலியின் பக்கம் தொங்குகிறது. விருத்தத்தைப் பாடி முடித்து வசனத்துக்கு வரும்போது குரலை இறக்குகிறார். அண்ணாந்தும் பார்ப்பதில்லை. அரசனுக்குக் காதில் விழவில்லை, ஓரடி முன்னே வருகிறான். மறுபடியும் விழவில்லை, இடுப்பை வளைக்கிறான். அத்தனை கட்டையையும் சுமந்துகொண்டு ஒரு சக்கரவர்த்தி குனிகிற கணத்தில் எதிரே நிற்பவன் குள்ளனாகிவிட்டான்! ஓர் அங்குலம்கூட அவர் இறங்கவில்லை. முன்வரிசைப் பாயில் இருப்பவர்களும் கழுத்தை நீட்டுகிறார்கள். இந்த மனிதரைத்தான் மைக்கில் பேசத் தெரியாதவர் என்கிறோம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட்டுவிடும் பேட்ஸ்மேனைப் பார்த்து அடிக்கத் தெரியவில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது.

வாமனனின் பிறப்பு வளர்ப்பைத் தெரிந்துகொண்டவர்தான் இப்படி நிற்க முடியும். காசியபருக்கும் அதிதிக்கும் பிள்ளை. அண்ணன் இந்திரன் மகாபலியிடம் ஆட்சியைப் பறிகொடுத்து ஒளிந்துகிடக்கிற காலத்தில் பிறந்தவன். பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் அவன் உபநயனத்தைப் பார்த்தால் ஒன்று புரியும்: அவனிடம் இருப்பதெல்லாம் யாரோ கொடுத்தது. பூணூல் பிரகஸ்பதி கொடுத்தது. மான்தோல் பூமி கொடுத்தது. தண்டம் சந்திரன், கௌபீனம் பெற்றவள், கமண்டலம் பிரம்மா, பிச்சைப் பாத்திரம் குபேரன். முதல் பிச்சை போட்டவள் உமையவள். குடைகூட வானம் கொடுத்ததுதான். அப்படி இரவல் பொருளோடு நர்மதையின் வடகரையில் பிருகுகச்சத்தில் நடக்கிற வேள்விக்கு நடந்து வருகிறவன் அவன். இப்போது நம் ஆள் குடையைப் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்கிற பிடி அது. கீழே வைப்பதற்கு முன் தரையைக் கையால் ஒருமுறை துடைத்துவிடுகிறார்.

வெளிநாட்டுக் கற்பனைக் கதைக் குள்ளர்களின் குடும்பக் கதை வேறு. டோல்கீனின் கிம்லிக்குப் பின்னால் ஒரு வம்சம் இருக்கிறது, தொலைந்துபோன மோரியா சுரங்கம் இருக்கிறது, கையில் கோடரி இருக்கிறது. 2001 முதல் 2003 வரை வந்த படங்களில் அந்த வேஷம் போட்டவர் நிஜத்தில் ஆறடிக்காரர். கேமராவும் மாற்று ஆட்களும் சேர்ந்து அவரைக் குள்ளமாக்கினார்கள். நம் களரியில் அந்த வேலையை மகாபலியின் முதுகுத்தண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றடி கேட்கிற இடம் இன்னொன்று. பெரும்பாலானவர்கள் அங்கே கூட்டத்தைப் பார்த்து ஒரு குறும்புச் சிரிப்பு சிரிப்பார்கள், நடக்கப்போவது தெரியுமே என்பதுபோல. இவர் தன் பாதத்தைப் பார்க்கிறார். மகாபலி யானை தருகிறேன், ஊர் தருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போக, இவருக்கு நிஜமாகவே மூன்றடிதான் வேண்டும்போல இருக்கிறது. தான் வளரப்போவது அவனுக்கே தெரியாது என்று கட்டுகிறார். பெருமாள் பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்கு இது சரியென்றே படுகிறது. சுக்கிராச்சாரியார் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைக்கிற இடத்தை அப்படியே கட்டியங்காரனிடம் விட்டுவிடுகிறார். அங்கே போட்டி போடுகிற வாமனர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

வளர்கிற இடத்திலும் அவர் வளர்வதில்லை. முகவீணை ஏறுகிறது, களரியை ஒரு சுற்று வருகிறார், மகாபலி மண்டியிடுகிறான். முடிந்தது. பெஞ்சை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

நாமக்கல் போனால் அங்குள்ள குடைவரையில் உலகளந்தான் சிற்பத்தைப் பாருங்கள். அந்த மலையைக் குடைந்ததில் நம் அதியர் மரபுக்குப் பங்குண்டு. ஒரு குடைவரைக்கு எட்டாம் நூற்றாண்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்றே பெயர். போகிறவர்களெல்லாம் தூக்கிய காலைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தானம் வாங்கிக்கொண்டு நிற்கிற சின்ன உருவத்தைத் தேடிப் பார்ப்பவர் குறைவு.

தகடூர்க்காரனுக்கு எப்போதும் கொடுப்பவன் மேல்தான் பாசம். நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர் இது. மகாபலி தாரை வார்க்கும்போது கூட்டம் அவன் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. நான் குள்ளன் கட்சி. கேட்டு நிற்பது கொடுப்பதைவிடக் கஷ்டமான வேஷம்.

இனி வரப்போவதைச் சொல்லிவிடுகிறேன். பங்குனி தொடங்கி ஆடிக்குள் பாதி ஜமாக்களாவது காலர் மைக்குக்கு மாறிவிடும். அப்போது இறக்கிய குரலும் பாலக்கோடு முனையில் வைத்த ஸ்பீக்கரில் அலறும். மகாபலிக்குக் குனிய வேலையிருக்காது. நம் ஆள் என்ன செய்வார்? முதலில் மைக்கை மறுப்பார், விழாக்கமிட்டி விடாது. பிறகு தன் மைக்கை அணைத்துக்கொண்டு மகாபலியின் மைக்கை மட்டும் விடுவார் என்று நினைக்கிறேன். இரண்டொரு ராத்திரி சொதப்பும். "அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். மூன்றாவது ராத்திரி பிடிபட்டுவிடும். செல்போன் வீடியோவில் மட்டும் அவர் ஒருநாளும் எடுபடமாட்டார், அரை நிமிடத்துக்குள் தாவுகிற வாமனன்தான் அங்கே ஜெயிப்பான்.

இப்போது மகாபலி கட்டுகிற இளைஞன் கூடிய சீக்கிரம் வாமனன் கேட்பான், வாத்தியார் கொடுத்தும்விடுவார். அவசரம். பையனுக்குக் குனியத்தான் நன்றாக வருகிறது, எதிராளியைக் குனியவைக்க இன்னும் வரவில்லை. பென்னாகரம் பக்கம் அவன் முதல் முறை கட்டும்போது பெஞ்சின் மேல் ஏறுவான் என்று நூறு ரூபாய் பந்தயம்.