ஸ்பார்க் லீவரை ரசிப்பது எப்படி?

1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், ஸ்டீயரிங் சக்கரத்துக்கு அடியில் இரண்டு சிறு லீவர்கள் மீசை போல இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். வலது லீவர் இன்றைய ஆக்ஸிலேட்டரின் வேலையைச் செய்கிறது. இடது லீவர், ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மெருகேற்றிய பித்தளை விளக்குகளைவிட அந்த இடது லீவர்தான் ரசிக்கத் தகுந்தது. இன்ஜினின் மூச்சு டிரைவரின் கையில் இருந்த காலத்தின் அடையாளம் அது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் தறுவாயில் பற்றவைத்தால் போதும். வேகம் கூடக் கூட, முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். மாடல் டி டிரைவர் லீவரை மேலே தள்ளி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திய பிறகே ஹேண்டில் போடுவார். மறந்துவிட்டால் பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே கலவை பற்றிக்கொண்டு, ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதறும், மணிக்கட்டே முறியும். இன்ஜின் கிளம்பியதும் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுப்பார். 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் மோட்டார் காடிலாக் காரில் வந்த பிறகே ஹேண்டில் அடிக்கு ஒரு முடிவு பிறந்தது.

மாடல் டிக்கு முந்தைய டைம்லர் இன்ஜின்களில், பழுக்கக் காய்ந்த குழாய்தான் கலவையைப் பற்றவைத்தது. நேரத்தை மாற்ற வழியே இல்லை. வேகத்தைக் கவர்னர் என்ற கருவி கட்டுப்படுத்தியது. அந்தக் கவர்னரை மீறி இன்ஜினை விரட்ட வைத்த மிதிக்குத்தான் ஆக்ஸிலேட்டர் என்ற பெயர் முதலில் வந்தது.

பழைய கார் ஓடும்போது காதுதான் முக்கியம். ஸ்பார்க் தாமதமானால் இன்ஜின் சோர்ந்து, சூடேறும். அளவுக்கு மீறி முந்தினால், மேம்பாலம் ஏறும்போது உலோகத்தில் சுத்தியால் தட்டுவது போல் நாக் அடிக்கும். தேர்ந்த டிரைவர் அந்தச் சத்தம் எழும் முன்பே லீவரைச் சற்று மேலே தள்ளிவிடுவார். கோயம்புத்தூர் அவினாசி சாலையின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில், நிறுத்தி வைத்த கார்களின் ஸ்டீயரிங் அடியைக் குனிந்து பார்க்கலாம்.

அந்தக் கைவேலை பிறகு இயந்திரத்துக்குள்ளேயே போய்விட்டது. சென்னையில் காட்டுப்பாக்கம் வழியாகச் செல்லும் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று தென்பட்டால், அதன் டேஷ்போர்டில் சோக் மட்டுமே கைக்கு மிச்சம். ஸ்பார்க் லீவர் இராது. சுழற்சியில் விரியும் சிறு எடைகளும், கார்புரேட்டர் பக்கத்திலிருந்து வரும் வேக்குவம் குழாயும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தபடி அந்த வேலையைப் பார்க்கின்றன. 1961இல் தொடங்கிய பாடி லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் செல்ஃப் மோட்டார்களையும் தயாரித்தது.

அம்பாசிடர் வைத்திருப்பவரிடம் கேட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் லேசாகத் திருப்பிவிட்டால், ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். மாடல் டி டிரைவரின் இடது கை பார்த்த வேலை அது.