கையை எடுத்ததும் அணையும் அடுப்பு: புது தெர்மோகப்பிள் போட்டுப் பார்த்ததில்

ஹாப் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரிந்திருக்கும். நாப்பை அழுத்தித் திருகினால் பற்றிக்கொள்ளும், கையை எடுத்தால் அணைந்துவிடும். எங்கள் வீட்டு ஹாப்பில் நடு பர்னர் இப்படி மக்கர் பண்ணியபோது, பார்க்க வந்த மெக்கானிக் வால்வையே மாற்றச் சொன்னார். செலவு வேண்டாமென்றால், தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் சேஃப்டியைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். இரண்டுமே தேவைப்படவில்லை. சில நூறு ரூபாய் தெர்மோகப்பிள் ஒன்றில் வேலை முடிந்தது.

பர்னர் ஓரத்தில் இரண்டு குச்சிகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் உறை போட்டது பொறி தட்டுவதற்கு. வெறும் உலோக முனையாக நிற்பதுதான் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்கள் சேரும் இடம் சூடானால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் தாமஸ் சீபெக் கவனித்த விளைவு இது. தீயில் இந்த முனை தருவது சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட்தான். வால்வுக்குள் இருக்கும் சின்ன மின்காந்தத்துக்கு அது போதும். அந்தக் காந்தத்தால் வால்வை இழுத்துத் திறக்க முடியாது. நாம் அழுத்தித் திறந்து கொடுப்பதைப் பிடித்து வைக்க மட்டுமே முடியும். பற்றவைத்த பிறகும் சில வினாடி நாப்பை அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். பால் பொங்கித் தீ அணைந்தால் முனை ஆறும், காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் வால்வை மூடும். கரன்ட் இல்லாத நேரத்திலும் இது வேலை செய்யும்.

புதுசு வாங்குவதற்கு முன் பழையதைச் சோதியுங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு, முனையில் படிந்த கரியையும் பால் கறையையும் நைசான உப்புத்தாளால் மெல்லத் துடையுங்கள். முனை தீக்குள் நிற்கிறதா, மறுகோடியில் வால்வோடு சேரும் இடம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கோளாறு இந்த அளவோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, கழற்றிய தெர்மோகப்பிளின் முனையை மெழுகுவத்தித் தீயில் காட்டுங்கள். எங்களுடையது 8 மில்லிவோல்ட்டைத் தாண்டவே இல்லை. புதியது அரை நிமிடத்துக்குள் 20-ஐக் கடந்தது. மீட்டரில் நல்ல அளவு காட்டியும் தீ நிலைக்கவில்லை என்றால், அப்போதுதான் வால்வில் இருக்கும் காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நான் முதலில் போட்டுப் பார்த்தது 'எல்லா அடுப்புக்கும் பொருந்தும்' என்று விற்கும் செட். கூடவே பல அளவு நட்டுகள் வருகின்றன. எம்8, எம்9, எம்10 என்று மரை அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும் என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். தாமிரக் குழாயும் கனமாக இருந்தது. இது முக்கியம், ஏனென்றால் காந்தத்துக்குத் தேவை வோல்ட் மட்டுமல்ல, கரன்ட்டும்தான். மெல்லிய ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டினால், மீட்டரில் அளவு சரியாகக் காட்டினாலும் காந்தம் பிடிக்காது. செட்டின் குறை முனையில் இருக்கிறது. பழையதைவிட 2 மில்லிமீட்டர் தாழ்வாக நின்றது, அதனால் நாப்பை அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு அடுப்புக் கம்பெனியின் அசல் பாகத்தை வாங்கிப் போட்டேன். தீ உடனே நிலைத்து எரிந்தது. ஹாப்புக்கு அசல்தான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. அசல் கிடைக்காத பழைய ஓவனுக்கு வேண்டுமானால் இந்தச் செட் உதவும்.

மாட்டும்போது குழாயை மடக்கி ஒடித்துவிடாதீர்கள். நட்டைக் கையால் முறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். அதிகம் முறுக்கினால் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் வாஷர் நசுங்கிவிடும். கேஸ் இணைப்பு எதையாவது தொட நேர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கடைசிச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. அடுப்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு, நாப்பைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடுங்கள். தீ அணைந்து ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்துக்குள் வால்வில் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும்.

சேஃப்டியைக் கழற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.