புதுடில்லியின் வட்ட மண்டபம்

ஒரு நகரின் கட்டடங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் தூணின் வடிவையும் சுவரின் அலங்காரத்தையும் எடுத்துரைப்பதோடு அமைந்துவிடுகின்றனர். புதுடில்லியைப் பற்றி எழுதினோர் பலரும் இவ்வழியே சென்றனர். கீழைத்தேயக் கலையும் மேலைத்தேயக் கலையும் அங்கே ஒன்று கலந்தன என்பது அவர்தம் பாராட்டு. சாஞ்சித் தூபியை நினைவூட்டும் குவிமாடம், கல்லிற் செதுக்கிய சாளரப் பின்னல், வெயிலையும் மழையையும் தடுக்கும் அகன்ற இறவாரம், முகட்டில் நிற்கும் சிறு சத்திரிகள் என்பனவற்றைச் சான்றாகக் காட்டுவர். அவை அழகியவையே. ஆயின் அவை அங்கே வந்தமைக்குக் காரணம் யாது என வினவுவார் சிலரே.

1905 இல் வங்காளம் பிரிக்கப்பட்டமையால் எழுந்த கிளர்ச்சி, கல்கத்தாவை ஆங்கில ஆட்சிக்கு அமைதியற்ற இடமாக்கியது. 1911 டிசம்பர் 12 ஆந் திகதி டில்லித் தர்பாரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், அப்பிரிவினை நீங்குவதையும் தலைநகர் டில்லிக்கு மாறுவதையும் ஒருங்கே அறிவித்தார். முகலாயர் அரசிருந்த இடத்தில் தாமும் அமர்வது தம் ஆட்சிக்கு ஒரு பழமையைத் தேடித்தரும் என்பது ஆட்சியாளர் எண்ணம். இந்நகரைச் சமைத்தவருள் முதல்வரான எட்வின் லட்யன்ஸோ இந்தியக் கட்டடக்கலையைப் பெரிதும் மதித்தவரல்லர். அவர் எழுதிய கடிதங்களே இதனைக் காட்டும். இந்திய உறுப்புக்கள் இடம்பெறல் வேண்டும் என வற்புறுத்தியவர் இராசப்பிரதிநிதி ஹார்டிங் பிரபு. எனவே சத்திரியும் சாளரமும் அரசியல் தேவையால் நாட்டப்பட்டவை என்பதே பொருந்தும். நாட்டப்பட்டபின் லட்யன்ஸ் தம் கைத்திறனால் அவற்றைத் தமதாக்கிக்கொண்டார் என்பதை மறுப்பதற்கில்லை.

எம் மாணவர் தூண்வகைகளை மனனஞ் செய்கின்றனர். நகரின் நிலப்படத்தை விரித்து நோக்குவதில்லை. புதுடில்லியின் படத்தை நோக்குக. இரைசினாக் குன்றின்மேல் 340 அறைகளையுடைய இராசப்பிரதிநிதி மாளிகை. அதன் முன்னே ஹேர்பேட் பேக்கர் அமைத்த இரு செயலகங்கள். அங்கிருந்து நேரே கீழிறங்கும் அரச வீதியின் மறுமுனையில் போர் நினைவு வாயில். அதற்கு அப்பால் மண்டபத்தின்கீழ் மன்னர் சிலை. சிலையை அடுத்து ஐதராபாத், பரோடா முதலிய சமத்தான அரசர்களின் மாளிகைகள். அதிகாரிகளுக்குப் பதவிக்கேற்ற நிலமும் வீடும் வகுக்கப்பட்டன. எழுதுவினைஞரின் குடியிருப்புக்கள் ஒதுங்கி நின்றன. சம்பளப் பட்டியலை நிலத்தில் விரித்துவைத்தாற் போன்றதொரு நகரம் அது.

குன்றின் சரிவைப் பற்றி லட்யன்ஸும் பேக்கரும் பிணங்கிய கதை பலரறிந்தது. அரச வீதியால் வருவோனுக்கு, செயலகங்களை நெருங்குந்தோறும் பின்னாலுள்ள மாளிகை மறைந்துவிடுகின்றது. லட்யன்ஸ் இதனைப் பெருங்குறையாகக் கருதினார். இந்தியாவை நாள்தோறும் ஆண்டது மாளிகையா செயலகமா என்பதை அறிந்தோர்க்கு அச்சரிவு குறையாகத் தோன்றாது.

இவ்வமைப்பில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடம் எங்கே? முதல் வரைவில் தனியிடமே இல்லை. சட்டசபை இராசப்பிரதிநிதி மாளிகைக்குள் கூடினாற் போதும் என்றே எண்ணியிருந்தனர். 1919 ஆம் ஆண்டு மொண்டேகு–செம்ஸ்போட் சீர்திருத்தம் இரு சபைகளை ஏற்படுத்தியது. சுதேச மன்னர்க்கும் ஒரு மன்றம் வேண்டியதாயிற்று. அப்போதைக்கு நகரின் தலையான இடங்கள் யாவும் பங்கிடப்பட்டுவிட்டன. ஆகவே செயலகத்துக்கு வடகிழக்கே, குன்றின்கீழ், நடு அச்சுக்குப் புறம்பாக ஓரிடம் ஒதுக்கினர். பேக்கர் முக்கோண வடிவை விரும்பினார், லட்யன்ஸ் வட்டமே வேண்டுமென்றார், வட்டம் வென்றது. 1921 இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1927 இல் இர்வின் பிரபுவினால் திறக்கப்பெற்றது.

இவ்வட்டத்துக்கு மிதாவலியிலுள்ள யோகினி கோயிலே மூலம் என்பாருளர். உருவ ஒற்றுமையன்றி வேறு சான்று அவர் தருவதில்லை. வடிவின் பொருத்தத்தை நிலையத்திலே தேடுதல் தகும். வட்டத்துக்கு முன்புறம் என ஒன்றில்லை. எந்த வீதியையும் எதிர்கொள்ள வேண்டிய கடமையும் அதற்கில்லை. ஓரத்திலே வைக்கப்படுவதற்கு ஏற்ற வடிவம் அது. 144 தூண்கள் சூழ்ந்துவரும் அத்தாழ்வாரம் கண்ணுக்கு இனிதாயினும், வாயில் எதுவெனத் தேடவைக்கின்றது. கலைநோக்கில் பேக்கரின் சிறந்த படைப்பென அதனைக் கூற யான் துணியேன்.

ஆயினும் அதற்குப் பெருமை அளித்தது உள்ளே நிகழ்ந்த வரலாறு. 1929 ஏப்பிரல் 8 ஆந் திகதி பகத்சிங்கும் பதுகேஸ்வர தத்தரும் குண்டெறிந்தது அங்கேதான். நூலகமாக அமைந்த நடுமண்டபத்தில் 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடியது. 1947 ஓகஸ்டு நள்ளிரவில் ஆட்சி கைமாறியதும் அங்கேயே. அரசன் பெயரால் எழுந்த மாளிகைகளுள் எதுவும் இத்தகைய பேறு பெறவில்லை.

சுதந்திர இந்தியா நகரை இடிக்கவில்லை, குடிபுகுந்தது. படைத்தலைவர் இல்லத்தில் நேரு வாழ்ந்தார். மன்னர் சிலை 1968 இல் அகற்றப்பட்டது. மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேலாக வெறுமையாய் நின்று, 2022 இல் சுபாஸ் சந்திரபோஸின் சிலையைப் பெற்றது. 2023 இல் வட்டத்தின் அருகே புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. அது முக்கோணம், பேக்கர் விரும்பிக் கிடையாத அதே வடிவம், நிலத்துண்டின் அமைப்பால் நேர்ந்தது. அரச வீதி இராசபாதையாகிப் பின்னர் கடமைப் பாதையெனப் பெயர் பெற்றுவிட்டது. குன்றின்மேல் ஒரு மாளிகையும், அச்சுக்குப் புறம்பாக மக்கள் மன்றமும் என்ற 1927 ஆம் ஆண்டு வரிசை மட்டும் மாறவில்லை.